பாழ்மனைப் பொத்தான்

புதையல் ஆசையில் மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கோடைக்குள் அலுத்துப்போய் அதை விற்றுவிடுவார்கள். மிஞ்சி நிற்பவர்கள் வேறு ரகம். அவர்களிடம் போய், இதுவரை கிடைத்ததிலேயே உசத்தி எது என்று கேட்டால், பஞ்சு வைத்த சின்ன டப்பாவைத் திறந்து பச்சை பூத்த பித்தளைப் பொத்தான் ஒன்றைக் காட்டுவார்கள். முகப்பில் வேலைப்பாடு ஏதும் இருக்காது. பின்பக்கம் நூல் கோக்கிற வளையம் பாதி தேய்ந்திருக்கும். கடையில் கொடுத்தால் ஒரு காபிக்குக்கூடக் காசு தேறாது. ஆனால் அது எந்த வாசற்படிக்குப் பக்கத்தில் கிடந்தது, அந்த வீட்டில் இருந்தவர்கள் எந்தக் காலத்தில் ஊரை விட்டுப் போனார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள் என்றால் பொழுது போவது தெரியாது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்துக் காடுகளுக்குள் பழைய பண்ணைவீடுகள் இருந்த இடங்களைத் தேடிப் போய் மண்ணைக் காது கொடுத்துக் கேட்கிற இந்தக் கலைக்கு நான் ரசிகன். தோண்டுவதைவிடக் கூடப் போய் நிற்பதில் எனக்கு ருசி அதிகம்.

முதலில் அந்தக் காட்டைச் சொல்ல வேண்டும். அக்டோபரில் மேப்பிள் இலை சிவக்கும்போது ஊர் ஊராக வந்து படமெடுக்கிற காடு அது. ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று நம்பி உள்ளே நுழைகிறவரைச் சிறிது தூரத்திலேயே ஒரு கற்சுவர் மறிக்கும். இடுப்பு உயரம்கூட இருக்காது. சுண்ணாம்பு இல்லை, பூச்சு இல்லை, வெறும் கல்மேல் கல். சுவருக்கு இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு. எதிலிருந்து எதைப் பிரிக்க இதை அடுக்கினார்கள்?

அடுக்கியபோது அங்கே காடு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்கு நியூ இங்கிலாந்தில் பாதிக்கு மேற்பட்ட நிலம் மரம் வெட்டப்பட்டு, வயலும் மேய்ச்சலுமாகக் கிடந்தது. பனியாறுகள் உருட்டிப் போட்ட கல் மண்ணெங்கும் புதைந்திருந்தது. ஒவ்வொரு குளிரிலும் மண் உறைந்து இளகும்போது அடிக்கல் மேலே வரும். பொறுக்கிப் பொறுக்கி வரப்பில் போட்டார்கள், அதுவே வேலியாயிற்று. அக்கால வேலிக் கணக்கெடுப்பை வைத்துப் போட்ட மதிப்பீடு ஒன்று இந்தச் சுவர்களின் மொத்த நீளம் 2,40,000 மைல் என்கிறது. பூமியிலிருந்து நிலவுக்குப் போகிற தூரம்.

பிறகு அத்தனையையும் விட்டுவிட்டுப் போனார்கள். 1815-ல் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தில் பரவியதில் 1816 ஜூன் மாதம் நியூ இங்கிலாந்தில் பனி பெய்தது, ஜூலையிலும் ஆகஸ்டிலும் உறைபனி விழுந்து சோளம் கருகியது. அந்த ஒரு வருடமே பல குடும்பங்களை ஓஹாயோவுக்கு வண்டி கட்ட வைத்தது. 1825-ல் ஈரி கால்வாய் திறந்ததும், கல்லில்லாத மேற்கத்திய மண்ணில் விளைந்த தானியம் இங்குள்ள சந்தைக்கே மலிவாக வந்து இறங்கியது. நடுவில் ஆட்டு மோகம் வேறு. லிஸ்பனில் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்த வில்லியம் ஜார்விஸ் 1811 வாக்கில் மெரினோ ஆடுகளை வெர்மான்டுக்குக் கொண்டுவந்தார். மலைகளை மொட்டையடித்து ஆடு வளர்த்தார்கள், 1840களில் கம்பளி விலை சரிந்து அதுவும் போயிற்று. மிச்சமிருந்த பெண்பிள்ளைகளை லோவெல் நகரத்துப் பஞ்சாலைகள் இழுத்துக்கொண்டன. கைவிட்ட மேய்ச்சலை முதலில் பைன் மரங்கள் பிடித்தன. ஆளில்லாத வீடு இடிந்தோ எரிந்தோ மண்ணாயிற்று. தரைக்குக் கீழே இருந்தது மட்டும் தங்கியது. ஆப்பிளையும் கிழங்கையும் குளிர்காலத்துக்குப் போட்டுவைக்க வீட்டடியில் கல் வைத்துக் கட்டிய நிலவறை அது. கூரையும் தளமும் போன நிலவறை இன்று காட்டுக்குள் கல் சுவர் போட்ட சதுரப் பள்ளமாக இருக்கிறது. நடுவிலிருந்து ஒரு பிர்ச் மரம் வளர்ந்து வெளியே எட்டிப்பார்க்கும்.

இப்படிப்பட்ட பள்ளங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பழையவை. ஹென்றி டேவிட் தோரோ 1854-ல் வெளியிட்ட 'வால்டன்' நூலில், தன் குடிலைச் சுற்றி முன்னொரு காலத்தில் வாழ்ந்தவர்களுக்காக ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்கள், ஒரு குயவர், அயர்லாந்திலிருந்து வந்த ஒருவர் என்று ஊருக்குள் இடம் கிடைக்காதவர்கள் அங்கே குடியிருந்தார்கள். அவர் எழுதும்போதே அவர்கள் வீடுகள் பள்ளமாகிவிட்டன.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதிக் கலை முடிந்துவிடுகிறது என்பேன். 1850களில் ஹென்றி வாலிங் என்ற நில அளவையாளர் மாவட்ட வாரியாகப் பெரிய சுவர் வரைபடங்களை வெளியிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கரும்புள்ளி, பக்கத்தில் குடும்பத் தலைவரின் பெயர். அதற்குப் பின்னால் பியர்ஸ் நிறுவனத்து அட்லஸ்கள் வந்தன. பழைய வரைபடத்தில் புள்ளியும் இன்றைய வரைபடத்தில் வெறும் பச்சையும் இருந்தால் அங்கே வேலை இருக்கிறது. இப்போது விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி, மரங்களைக் கழித்துவிட்டுத் தரையை மட்டும் காட்டும் லைடார் படங்களும் பொதுவில் கிடைக்கின்றன. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் அந்தப் படங்களை வைத்தே காட்டுக்குள் மறைந்த சுவர்களையும் பாதைகளையும் வீட்டுக் குழிகளையும் வரைந்து காட்டினார்கள். அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது காட்டுக்கு அடியில் ஒரு ஊர் படுத்திருப்பது தெரியும்.

எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய வழி. மே மாதக் கடைசியில் காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருக்கும்போது எங்கிருந்தோ லைலாக் வாசனை வரும். லைலாக் அந்த மண்ணின் செடி அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்து, யாரோ வாசலில் கைப்பட நட்டால்தான் இருக்கும். நட்டவள் போய், அவள் பேரப்பிள்ளைகளும் போய், வீடே போன பிறகும் புதர் பூத்துக்கொண்டிருக்கிறது. தரையெங்கும் நீலப் பூ விடும் வின்கா கொடி படர்ந்திருந்தாலும் அப்படித்தான். பக்கத்தில் எங்கோ படிக்கல் இருக்கும். காய் சிறுத்துப்போன கிழட்டு ஆப்பிள் மரம் ஒன்று நிற்கும். கிணறும் இருக்கும், அங்கே மட்டும் ரசனையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காலடியைப் பார்க்க வேண்டும். கல் கட்டிய பழங்கிணறுகள் பல சரியாக மூடப்படாதவை. மூடிய பலகை உளுத்திருக்கும், மேலே இலைச்சருகு மெத்தை போட்டிருக்கும்.

தேர்ந்தவர் வந்ததும் தோண்டத் தொடங்குவதில்லை. புகைபோக்கியின் அடிக்கல் எங்கே என்று பார்க்கிறார். பழைய வீடுகள் பெரும்பாலும் வெயிலுக்காகத் தெற்கு பார்த்தவை, ஆகவே முன்வாசல் இந்தப் பக்கம். கிணற்றுக்குப் போகிற தடம் இப்படி. மாட்டுக்கொட்டகை அந்தக் கல்வரிசை. துணி உலர்த்தியது எங்கே, பெரிய மரத்தடி நிழலில் உட்கார்ந்து பேசியது எங்கே என்று மனத்தில் வீட்டை முழுக்க எழுப்பிக்கொண்ட பிறகுதான் ஹெட்போனை மாட்டுகிறார். நிலவறைக்குள் எடுத்த எடுப்பில் இறங்குகிறவர் கற்றுக்குட்டி. வீடு இடிந்தபோது அதன் ஆணி முழுவதும் அதற்குள்தான் கொட்டியிருக்கும்.

கருவி வேலை செய்யும் விதமே ரசிக்கத் தகுந்தது. கீழே வட்டமாக இருக்கும் காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் விடுகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதை இரண்டாவது சுருள் பிடிக்கிறது. திரும்பி வருவது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதில்தான் சூட்சுமம். வெள்ளியும் தடித்த செம்பும் ஒரு விதமாகப் பின்தங்கும், ஈயமும் மெல்லிய தகடும் இன்னொரு விதம், இரும்பு முற்றிலும் வேறு. அந்த வித்தியாசத்தைக் கருவி ஓசையாகவும் எண்ணாகவும் சொல்லும். இரும்புக்கு அடித்தொண்டை உறுமல், வெள்ளிக்கு உச்சஸ்தாயி.

இந்த வித்தையை முதலில் பிரபலமாக்கியது ஒரு தோல்வி. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இரண்டு சுருள்களைச் சமநிலைப்படுத்திய கருவியோடு வந்தார். படுக்கையில் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் ஓசையைக் குழப்பின. தலைமை மருத்துவரோ குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று சாதித்து அங்கே மட்டும் தேடவிட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19 அன்று ஜனாதிபதி இறந்தார். வீட்டுக்காரர் கைகாட்டிய மூலையில் மட்டும் தேடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மருத்துவர் நினைவுக்கு வருவார்.

பாழ்மனையில் ஹெட்போன் மாட்டியதும் காதை நிறைப்பது இரும்பின் இரைச்சல். இரும்பை வடிகட்டி ஒலிக்காமல் செய்துவிடும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. புதியவர்கள் அதைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக நடப்பார்கள். அனுபவசாலிகள் போடுவதில்லை. இரும்பு இரைகிற இடம்தான் வீடு. இரைச்சல் அடங்குகிற கோட்டில் சுவர் முடிகிறது. அந்த உறுமலுக்கு நடுவே, கல்யாணச் சந்தடியில் நம் வீட்டுக் குழந்தையின் குரல் மட்டும் தனியே காதில் விழுகிற மாதிரி, ஒரு சின்னக் கீற்று எழும்பும். எழும்பி உடனே உடையும். ஆணிக்குப் பக்கத்தில் காசு கிடந்தால் அப்படித்தான் ஒலிக்கும். வளைந்த தகரமும் அதே குரலில் ஏமாற்றும். தேர்ந்தவர் காயிலை மண்ணோடு ஒட்டி, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பிறகு தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி கேட்பார். இரும்பாக இருந்தால் திரும்பியதும் குரல் மாறிப்போகும். இரண்டு திசையிலும் நின்று ஒலித்தால் மண்டியிடலாம். எண் திரையைப் பார்க்காமல் காதை மட்டும் நம்பி, சரியாக அந்த இடத்தில் நிற்பவரைப் பார்ப்பது எனக்குக் கச்சேரிக்குச் சமம்.

நான் கூடப் போகிறவர் தொழிலால் தச்சர். எல்லோரும் தூக்கி எறிகிற ஆணியை அவர் சேர்த்து வைப்பார். அவரிடமிருந்துதான் ஆணி பார்க்கக் கற்றேன். கொல்லர் கையால் அடித்த ஆணி நான்கு பக்கமும் சரிந்து கூராகும். அதன் தலையில் சுத்தி விழுந்த ஒவ்வொரு அடியும் ஒரு முகமாக நிற்கும். வைரத்துக்குப் பட்டை தீட்டியதைப்போல நாலைந்து சரிவுகள் உச்சியில் வந்து கூடும். துருவை உதிர்த்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பிடித்தால் எந்த அடி கடைசி அடி என்றுகூடச் சொல்லிவிடலாம். 1790களுக்குப் பிறகு இயந்திரம் தகட்டிலிருந்து வெட்டிப் போட்ட ஆணி வந்தது. அது இரண்டு பக்கம் மட்டும் சரியும், மற்ற இரண்டு பக்கமும் ஒரே தடிமன். நாம் இன்று வாங்குகிற உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பெருகியது. ஒரு பள்ளத்தைச் சுற்றிக் கையால் அடித்ததும் இயந்திரம் வெட்டியதும் கலந்து கிடந்து, உருண்டை ஆணி ஒன்றுகூட இல்லையென்றால் அந்த வீட்டின் ஆயுள் கைக்குள் வந்துவிட்டது. 1800-க்கு முன்னே கட்டி, பின்னால் ஒட்டுப்போட்டு, 1880-க்குள் கைவிட்டிருக்கிறார்கள்.

ஆணி அந்தக் காலத்தில் லேசான பொருள் இல்லை. 17ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில், குடி பெயர்கிறவர்கள் ஆணியைப் பொறுக்குவதற்காக வீட்டைக் கொளுத்தக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். தாமஸ் ஜெஃபர்சன் 1794-ல் தன் மான்டிசெல்லோ பண்ணையில் ஆணிப்பட்டறை தொடங்கி அடிமைச் சிறுவர்களை அதில் உட்கார வைத்தார். தோரோ தன் குடிலுக்கு ஆன 28 டாலர் 12½ சென்ட் செலவில் ஆணிக்கு மட்டும் 3 டாலர் 90 சென்ட் எழுதினார். பலகைக்காக அவர் ஒரு பழைய குடிசையை வாங்கிப் பிரித்தார். பலகையை வண்டியில் ஏற்றிப் போய்வருகிற இடைவெளியில் பக்கத்துக்காரர் நல்ல ஆணிகளைப் பையில் போட்டுக்கொண்டதையும் மறக்காமல் பதிந்து வைத்தார். இதெல்லாம் தெரிந்த பிறகு ஆணியைக் குப்பை என்று வீச மனம் வருவதில்லை.

இருந்தாலும் என் ஓட்டு பொத்தானுக்கு. 18ஆம் நூற்றாண்டு ஆணின் உடை முழுக்க உலோகப் பொத்தான். கோட்டில், உள்சட்டையில், முழங்காலோடு நிற்கும் கால்சட்டையின் ஓரத்தில் என்று வரிசை வரிசையாக. நூல் இற்றால் ஒன்று விழும், புல்லுக்குள் போனால் போனதுதான். கந்தலோடு கந்தலாக வயலுக்கு எருவாகப் போனதும் உண்டு. தட்டையான ஒற்றைத் தகடு, பின்னால் பற்றவைத்த வளையம், அவ்வளவுதான் அதன் உடம்பு. டாம்பாக் என்று ஒரு கலவை உண்டு. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, வெளுத்த சாம்பல் நிறம். நியூ இங்கிலாந்தின் புளித்த மண் செம்புக் காசை அரித்துக் குழி குழியாக்கிவிடும், டாம்பாக் பொத்தான் மட்டும் நேற்று விழுந்ததுபோல எழுந்து வரும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் பொத்தான்களில் பொன்முலாம். மண்ணை விரலால் ஒத்தியெடுத்ததும் (தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மணலே முலாமைச் சுரண்டிவிடும்) ஓரத்தில் மஞ்சள் கண் சிமிட்டும். திருப்பினால் முதுகில் வட்டமாகப் பொடி எழுத்து. மூன்று முறை முலாம் பூசியது என்கிற ஜம்பம், அல்லது லண்டன் என்கிற முத்திரை. கனெக்டிகட்டின் வாட்டர்பரி ஊர் பித்தளைக்கும் பொத்தானுக்கும் பெயரெடுத்த பிறகு உள்ளூர்ப் பெயர்கள் வரத் தொடங்கும். 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது வாழ்த்து பொறித்து விற்ற பொத்தான்கள் சில உண்டு. அது கிடைத்தால் இவர்கள் காட்டிலேயே ஆடுவார்கள். எனக்கென்னவோ எழுத்தில்லாத மொட்டைப் பொத்தான்தான் பிடிக்கிறது. பின் வளையம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அதை மாட்டிக் கழற்றியவரின் கைப்பழக்கம் அதில் இருக்கிறது.

பெண்கள் உடையில் பொத்தான் குறைவு, நாடாவும் குண்டூசியும்தான். அவர்கள் தடம் வேறு இடத்தில் கிடைக்கும். தைக்கும்போது விரலில் மாட்டுகிற குப்பிகள் மரத்தடியிலும் வாசற்படியிலும் கிடக்கும். சிறுமிகளுக்கென்றே சின்னதாகச் செய்தவையும் வரும். நசுங்கிய குப்பியைச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தால் நகக்கண்ணுக்கு மேல் இறங்காது.

கொட்டகைப் பக்கம் போனால் தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்குச் சட்டென்று அடையாளம் தெரிகிற பொருள் ஒன்று உண்டு: மாட்டு லாடம். பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டாக அடித்த, பாதி நிலா வடிவம். அமெரிக்கர்கள் பலருக்கு அது என்னவென்றே தெரியாது, குதிரை லாடம் உடைந்துவிட்டது என்று நினைப்பார்கள். கல் நிலத்தை உழுததும், அந்தச் சுவருக்கான பாறைகளை இழுத்ததும் காளைகள்தான். அதே இடத்தில் பித்தளைச் சலங்கைகள் கிடைக்கும், உள்ளே பரல் போட்டவை. பனியில் சறுக்குவண்டி ஓசையில்லாமல் வரும் என்பதால் குதிரைக்குச் சலங்கை கட்டினார்கள். கனெக்டிகட்டின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் வில்லியம் பார்ட்டன் 1808-ல் தொடங்கிய தொழில் அந்த ஊரையே மணி ஊராக்கியது. மண்ணைத் தட்டிவிட்டு ஆட்டினால் சில இப்போதும் ஒலிக்கின்றன.

காசுக்கு வருகிறேன். அமெரிக்கா சொந்தமாகச் சென்ட் அடிக்கத் தொடங்கியது 1793-ல். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய செம்புத் துண்டு அது. 1857 வரை அடித்தார்கள், நடுவில் 1815 என்ற ஆண்டு பொறித்த சென்ட் மட்டும் இல்லை, செம்புத் தகடு தட்டுப்பாடு. அதற்கு முன்னும் அதோடு சேர்ந்தும் புழங்கியவை ஊர்ப்பட்ட நாட்டுக் காசுகள். இங்கிலாந்து ஜார்ஜ் மன்னர்களின் அரைப்பென்னி, கனெக்டிகட்டும் வெர்மான்டும் தனித்தனியே அடித்த செம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பானிய வெள்ளி. எட்டு ரியால் கொண்ட ஸ்பானிய டாலர் 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியானது. சில்லறை இல்லாவிட்டால் அதையே உளியால் துண்டு போட்டார்கள். பாழ்மனையில் கிடைக்கும் ஆப்பத் துண்டு வடிவ வெள்ளி அந்தச் சில்லறை. மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் அடித்த பைன் மரக் காசுகள் இந்தக் கலையில் சிகரம். 1682 வரை அடித்தும் எல்லாவற்றிலும் 1652 என்றே பொறித்தார்கள்.

ஒரு காசு மட்டும் நம் பக்கத்துக் கதை. 2014-ல் ரோட் ஐலண்டின் மிடில்டவுனில், ஒரு பழப்பண்ணையில் தேடிக்கொண்டிருந்த உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒருவருக்கு நகத்தளவு வெள்ளிக் காசு கிடைத்தது. அதே நிலத்தில் முன்பே காலணிக் கொக்கியும் துப்பாக்கி ஈயக்குண்டும் எடுத்தவர் அவர். இந்தக் காசில் இருந்தது அரபு எழுத்து. 1693-ல் ஏமனில் அடித்தது. அதைப் பின்தொடர்ந்த அவர் வந்து சேர்ந்த இடம் ஔரங்கசீப்பின் கப்பல். மக்காவிலிருந்து யாத்ரிகர்களோடு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கன்ஜ்-இ-சவாய் கப்பலை 1695 செப்டம்பரில் ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கொள்ளையன் மறித்துச் சூறையாடினான். உலகமே தேடியும் அவன் அகப்படவில்லை. தப்பியவன் நியூ இங்கிலாந்தில் தலைகாட்டினான் என்பதற்கு இந்தக் காசு சாட்சி என்பது கண்டெடுத்தவரின் வாதம். அதற்குப் பின் மாசச்சூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் மூன்றிலும் அதே காலத்து அரபுக் காசுகள் 15 கிடைத்ததாக 2021-ல் செய்தி வந்தது. எவரியின் கைக்காசுதான் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டிலிருந்தே தாமஸ் டியூ போன்றவர்கள் செங்கடலுக்குப் போய்க் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே காசு ஏமனில் ஒரு கடைத்தட்டில் கிடந்திருந்தால் யார் இரண்டாம் முறை பார்த்திருப்பார்கள்? அமெரிக்கப் பழத்தோட்டத்து மண்ணில் இருந்ததால்தான் அதற்கு இத்தனை பேச்சு.

இதனால்தான் நான் கண்டெடுத்த பொருளைவிடக் கண்டெடுத்தவரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். எந்தப் பள்ளம், அதிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை, எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது. இதையெல்லாம் எழுதாமல் பொருளை மட்டும் பைக்குள் போடுகிறவர் பாதியைக் காட்டிலேயே தொலைத்துவிட்டு வருகிறார். தொல்லியலாளர்களுக்கு இவர்கள்மேல் உள்ள கோபம் நியாயமானது. கோபத்தைத் தாண்டிச் சேர்ந்து வேலை செய்தபோது நடந்ததற்கு மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் சாட்சி. 1876-ல் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை அழிந்த களம் அது. 1983-ல் புல் தீப்பற்றித் தரை வெளுத்தபோது, தொல்லியலாளர் டக்ளஸ் ஸ்காட் அடுத்த ஆண்டு டிடெக்டர் பழகிய தன்னார்வலர்களை வரிசையாக நிறுத்தி நடக்கவைத்தார். ஒலித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு கொடி, ஒவ்வொன்றுக்கும் அளவு. தோட்டாக் கூட்டில் துப்பாக்கி ஊசி பதித்த தடத்தை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று காட்டினார்கள். கனெக்டிகட்டில் மஷன்டக்கெட் பீகாட் பழங்குடியினரின் அருங்காட்சியகம் 1637 பீகாட் போர்க்களங்களை இதே முறையில் தேடியது. அங்கே தேடலை நடத்தியது வென்றவர்களின் வாரிசுகள் இல்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இந்தக் கருவிக்கு ஒரு செவிட்டுத்தனம் உண்டு. கல் அம்புமுனைக்கும் மண்பானைக்கும் அதில் ஓசை கிடையாது. பண்ணைவீடு எழும்புவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நிப்மக், வாம்பனோக் மக்கள் அதே மண்ணில் வாழ்ந்தார்கள். அவர்கள் காலம் ஹெட்போனில் வெறும் மௌனம்தான். தேர்ந்தவர்கள் தோண்டும்போது கல் சில்லு வந்தால் நிறுத்திவிடுகிறார்கள்.

சட்டமும் கறார். தேசியப் பூங்காவுக்குள் இந்தக் கருவியோடு திரிந்தாலே குற்றம். 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசு நிலத்தில் 100 ஆண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதைத் தடுக்கிறது. தனியார் நிலத்தில் உடையவர் அனுமதித்தால் மட்டும் தேடலாம். (ஊரில் யாருக்காவது ஆசை எழும்பினால்: இந்தியாவில் 1878 முதல் புதையல் சட்டம் அமலில் இருக்கிறது. மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.) அனுமதி வாங்கியவருக்கும் ஒரு நாகரிகம் இருக்கிறது. புல்லோடு மண்ணை மூன்று பக்கம் கீறி மூடிபோலத் திறந்து, பொருளை எடுத்து, தோண்டிய மண்ணைத் துணியிலிருந்து திரும்பக் கொட்டி, மூடியைச் சாத்தி மிதித்துவிட்டால் எங்கே தோண்டினார் என்று அவருக்கே தெரியக் கூடாது. இழுத்தால் கழன்று வரும் பான டின் மூடி வளையங்கள் 1960களில் வந்தவை, தங்க மோதிரமும் அவையும் கருவிக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். அவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்தான் நல்ல தேடுநர் என்பது என் அளவுகோல்.

டிசம்பர் முதல் மார்ச் வரை மண் பாறையாக உறைந்திருக்கும், காயிலுக்கு ஓய்வு. அது டவுன் ஹாலில் பத்திரங்கள் புரட்டுகிற பருவம். வாலிங் வரைபடத்தில் இரண்டு ஓடைகள் சேருகிற மேட்டில் ஒரு புள்ளி இருக்கிறது. பக்கத்துப் பெயர் விதவை என்ற முன்னொட்டோடு ஒரு பெண்ணுடையது. பியர்ஸ் அட்லஸில் அந்தப் புள்ளி இல்லை. இப்போதைய நில உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். தச்சர் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், கிடைப்பதெல்லாம் அவருக்கே என்றும், இடம் குறித்த நோட்டின் நகல் மட்டும் தனக்குப் போதும் என்றும். பதில் இன்னும் வரவில்லை.